சக்கரக்கட்டை

மெடானில் பழைய பொலோனியா நிலையத்தை மூடி
வருடங்கள் ஆகிவிட்டன.
என் திரையில் மட்டும் அது இன்னும்
விளக்கெரித்துக் காத்திருக்கிறது.

இரவு பதினொன்றே கால்.
ரெலாவ் அடுக்குமாடி, பதினான்காம் தளம்.
காயாத சட்டைகளுக்கும் சோற்றுப்பானைக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு விசைப்பிடி,
கால்மிதி நழுவாமலிருக்க அடியில்
யோகமலர் இரண்டு நாள் மட்டும் விரித்த
உடற்பயிற்சிப் பாய்.

ஃபோக்கர் இருபத்தெட்டு.
ஹாலந்தில் பிறந்தது. மொத்தமே இருநூற்று நாற்பத்தொன்று.
தோழமை என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்தார்கள்.
போர் விமானமென்றால் பருந்து என்பார்கள், புலி என்பார்கள்.
அறுபத்தைந்து பேரையும் அவர்கள் துரியான் மூட்டையையும் சுமந்து
சின்ன ஊருக்கும் சின்ன ஊருக்கும்
ஓடிக்கொண்டிருந்த இதற்கு
அந்தப் பெயர் போதும்தான்.

முகம் தெரியாத யாரோ ஒருவர்
எத்தனை இரவு விழித்து இதைச் செய்தாரோ.
விசைகளின் ஓரத்தில் விரல் பட்டுத் தேய்ந்த சாயம்.
துணைவிமானி பக்கத்தில் ஒரு சாம்பல் கிண்ணம்,
தட்டினால் மூடி திறக்கிறது,
தட்டினால் மூடுகிறது.
புகைபிடிக்காத நான்
புறப்படும் முன் ஒருமுறை திறந்து மூடுவேன்.
சரிபார்ப்புப் பட்டியலில் அது இல்லை.

ரொஸ்லி கேட்பான்,
எட்டு மணி நேரம் விமானத்தோடு மாரடிச்சது
போதாதா உனக்கு?
போதாது.
அங்கே நான் பார்ப்பது வயிற்றை மட்டும்.
பெட்டி ஏறும் வாசல், எண்ணெய் கசியும் இடுக்கு,
சூடு ஆறாத டயர்.
மேகம் காலடியில் கிடக்கும் என்பதை
நாற்பத்தொரு வயதில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.
இரண்டும் நடுச்சீட்டு.

நீரிணையைத் தாண்ட அரைமணிக்குமேல் கொஞ்சம்.
கீழே கப்பல்கள், ஊதுபத்தி முனைகள்போல.
வலப்பக்கம் கெண்டித் தீவு;
மலாய்க்காரர் வைத்தாலும் அது நம் வீட்டுக் கெண்டிதான்,
இருட்டைக் கடலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

வேகம் குறைய மறுத்தது.
நெம்புகோலை இழுத்தேன்.
பின்னால் வால் நுனி இரண்டாகப் பிளந்து விரிந்தது.
பாக்கின் பெயர் வைத்த தீவுக்குப்
பாக்குவெட்டியைத் திறந்துகொண்டு இறங்குகிற விமானம்
இது ஒன்றுதான்.
சக்கரம் கீழே. பச்சை விளக்கு மூன்று.
தெலுக் கும்பார் வீடுகளை உரசுவதுபோல் போய்
மையக்கோட்டுக்கு ஒரு முழம் வலத்தே
பொத்தென்று வைத்தேன்.
எந்திரத்தைத் திருப்பி ஊதும் வசதி இதில் கிடையாது,
எல்லாம் பிரேக்கின் பாடு.

ஆறாம் நிறுத்தம்.
ஸ்பே எந்திரங்கள் முனகி முனகி அடங்கின.

தளத்தில் யாருமில்லை.
இழுவை வண்டி இல்லை, கூம்பு இல்லை,
சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஆளில்லை.
இந்த இடத்தில் மழைநீர் தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு,
என் வலது பூட்ஸுக்குத் தெரியும்.
செய்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தரை வழவழவென்று கிடந்தது.
அறுபத்தைந்து பேரும் நான் எடையாக அடித்த எண்கள்;
எண்களுக்குப் பெட்டி கிடையாது.
வரவேண்டிய ஆள்
மேலே உட்கார்ந்திருக்கிறான்.

கேமராவைக் கீழே இறக்கி
மூக்குச் சக்கரத்தருகே நிறுத்தினேன்,
தினமும் நான் நிற்கிற உயரத்தில்.
அண்ணாந்தேன்.
ஜன்னலுக்குள் விமானி இருக்கை காலி.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.
இரண்டு கட்டைவிரலையும்
ஒன்றையொன்று பார்க்க நீட்டி உள்ளே தள்ளினேன்.
கட்டை வைத்தாயிற்று.

யாருக்குங்க சைகை காட்டுறீங்க,
தண்ணீர் குடிக்க வந்த யோகமலர் கேட்டாள்.
பதிலுக்கு நிற்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு முதல் விமானம் வருகிறது.
பிரேக்கை நான் இன்னும் விடவில்லை.